மொட்டை மாடி சோலார்: நெட் மீட்டரா, பேட்டரியா?

நான் நெட் மீட்டர் போட்டவன், 3 கிலோவாட். நெட் மீட்டர் என்றால், சோலார் தரும் யூனிட்டை ஈ.பி. கணக்கில் கழித்துக்கொள்ளும் மீட்டர். பொள்ளாச்சிப் பக்கம் சொந்த வீடு. நான் எந்தப் பக்கம் சாய்கிறவன் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மானியக் கணக்கு சுலபம். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். ஈ.பி. லைனோடு சேராமல் பேட்டரியை மட்டும் நம்பி ஓடும் சோலாருக்கு அது கிடையாது.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது மானியம் இல்லைங்க, ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் படிக்கட்டு. எங்கள் வீட்டில் ஏசி, போர் மோட்டார் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி சுமார் 5,900 ரூபாய். 3 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 720. அது கழிவது அடியிலிருந்து அல்ல, உச்சியிலிருந்து. பத்து ரூபாய்க்கு மேல், ஒன்பதுக்கு மேல், எட்டுக்கு மேல் என்று போகும் யூனிட்டுகள்தான் முதலில் காலி. மீதி 180 யூனிட்டில் 100 இலவசம், 80-க்கு 2.35 வீதம் 188 ரூபாய். வருஷத்துக்குச் சுமார் 34,000 மிச்சம். மானியம் போக என் கைக்காசு ஒன்றேகால் லட்சம். நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும். ஆடி மாதம் மேகம் மூடினால் உற்பத்தி குறையும். கோடையில் ஏறுவது அதை ஓரளவு ஈடுகட்டும்.

பேட்டரிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கரண்ட் போனால் நெட் மீட்டர் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாதே. பராமரிப்பு ஷட்டவுன் வருவதோ காலை 9 மணிக்கு. மேலே பேனல் வெயிலில் காயும், கீழே ஃபேன் சுற்றாது. ஆனால் லெட் ஆசிட் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், நாலைந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். லித்தியம் நீடித்து உழைக்கும் என்கிறார்கள். தெரிந்த ஒரு வீட்டில் போட்டு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பேனல் கழுவுவது இரண்டுக்கும் பொது. பக்கத்தில் நார் மில் இருந்தால் தூசி பனியில் நனைந்து அப்பிக்கொள்ளும். காலையில் கண்ணாடி சூடேறும் முன் கழுவிவிடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டே ஓடும் வீட்டுக்கு அதே 2024 கட்டணப்படி பில் 1,175 ரூபாய்தான். இதே 3 கிலோவாட்டை அங்கே போட்டால் காசு திரும்பப் பதினேழு வருஷத்துக்கு மேல் ஆகும். அவர்களுக்கு நெட் மீட்டரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.