வீட்டில் செய்த மர அறுவை இயந்திரத்தில் ஹைட்ராலிக்: நான்கு ஆண்டுக்குப் பிறகு

மன்னார்குடி நண்பர் ஒருவர், தாம் சொந்தமாகச் செய்த நடமாடும் மர அறுவை இயந்திரத்துக்கு ஹைட்ராலிக் (பம்ப் அழுத்தித் தள்ளும் ஆயிலால் இயங்கும் அமைப்பு) பொருத்தலாமா என்று கேட்டார். அவர் கேட்ட அன்று காலையில்தான் என் இயந்திரத்துப் பம்பில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை மூன்றாவது முறையாக மாற்றிவிட்டு, தரையில் வழிந்த ஆயிலின் மேல் மரத்தூளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். எனவே இதில் கோபம் கலந்திருக்கும்; ஆயினும் நியாயமாகவே சொல்ல முயல்கிறேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை விழுந்த இடத்திலேயே அறுப்பதற்காகச் செய்த இயந்திரம் இது: 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், வளையமாகச் சுழலும் கிடைமட்டப் பட்டை ரம்பம், தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புச் சட்டங்கள். 2021இல் இதற்கு ஒரு சுற்றுக்கு 8 கன சென்டிமீட்டர் ஆயில் தள்ளும் கியர் பம்பையும், அறுக்க வேண்டிய மரத்தடியை ஏற்றும் இரண்டு தூக்குக் கைகளையும், ரம்பம் அமர்ந்த தலைப்பகுதியைச் சங்கிலியால் இழுக்கும், ஆயில் அழுத்தத்தால் சுற்றும் சிறு மோட்டாரையும் பொருத்தினேன்.

தூக்குக் கைகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 45 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைப் புளியந்தடி ஏறத்தாழ அரை டன் இருக்கும். அதைக் கடப்பாரையால் நெம்பிச் சாய்பலகை வழியாக மேலேற்ற நால்வர் வேண்டியிருந்தது, அப்படி ஏற்றிய ஒரு நாளில்தான் என் தம்பியின் சுண்டுவிரல் நசுங்கியது. இப்போது 63 மில்லிமீட்டர் உள்விட்டச் சிலிண்டர்கள் இரண்டும், 120 பார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 120 மடங்கு) அழுத்தத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.8 டன் விசையுடன், 12, 13 விநாடிகளில் அதே தடியை மேடைக்கு ஏற்றிவிடுகின்றன. கைகளை ஏற்றி இறக்கும் லெவர் வால்வின் உட்கசிவால் கைகள் மெல்ல இறங்குவதை முதல் மாதத்திலேயே கண்டு, சிலிண்டரின் வாயிலேயே, ஆயிலைத் தானாக வெளியேற விடாத பூட்டு வால்வு வைத்தேன். ஆயில் குழாயான ஓஸ் வெடித்தாலும் தடி நின்ற இடத்தில் நிற்கும் என்பதால், அந்தச் செலவில் ஒருவரும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

என் பொறுமையைச் சோதித்தது இழுவை மோட்டார்தான். வேகத்தைக் குறைக்க, மோட்டாருக்குப் போகும் வழியில் ஆயில் ஓட்டத்தைக் குறுக்கும் ஒரு சாதாரண ஊசி வால்வு வைத்தேன், அதுவே தவறு. பம்ப் நிமிடத்துக்கு 12 லிட்டர் தள்ள, மோட்டார் அதில் சிறு பங்கையே எடுக்க, மிச்சம் முழுவதும் 120 பார் அழுத்தத்தில் அழுத்தம் மிகும்போது திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகத் தொட்டிக்குத் திரும்பியது. கணக்குப் போட்டால் 2.4 கிலோவாட் வரை வரும். அதாவது, குளியலறைக் கீசர் ஒன்றை ஆயில் தொட்டிக்குள் போட்டு நாள் முழுவதும் கொதிக்க விட்டதற்குச் சமம். அந்தச் சூட்டில் ஆயில் இளகி, காலையில் ஊர்ந்த ரம்பம் நண்பகலில் ஓடியது. கணு வந்தால் தயங்கி, கணுவைத் தாண்டியதும் துள்ளியது. அந்தத் துள்ளல் பலகையில் அலையாகப் பதிந்தது. பூவரசுப் பலகை வாங்க வந்த தச்சர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்ப அடுக்கி வைத்ததை நான் மறக்கவில்லை.

பம்ப் சீல் முதல் முறை போனது என் பிழையால். பெல்ட்டைப் பம்பின் தண்டிலேயே நேராக மாட்டியிருந்தேன், பக்கவாட்டு இழுவையைக் கியர் பம்ப் தாங்காது. தனி பேரிங் வைத்துக் கப்ளிங் மூலம் இணைத்ததும் அது தீர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் சூட்டால் ரப்பர் விறைத்துப் போனவை. சென்ற ஆண்டு, மிச்ச ஆயிலைக் குறைந்த அழுத்தத்திலேயே தொட்டிக்கு அனுப்பும் மூன்று வழி வேகக் கட்டுப்பாட்டு வால்வை, ஊசி வால்வுக்குப் பதிலாக வைத்தேன். சூடு பெரிதும் தணிந்தது, துள்ளலும் அடங்கியது. விறைத்திருந்த சீல் மட்டும் இந்த வாரம் வரை தாக்குப்பிடித்துப் பிறகு விட்டது.

இவ்வளவு சரிசெய்த பிறகும் எனக்கு நிறைவு வரவில்லை. மோட்டாருக்கு முன், கைச்சக்கரத்தைச் சுற்றி ரம்பத்தை நகர்த்தி அறுத்த நாள்களில், ரம்பம் மழுங்குவதை ஓசைக்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும். வெளிப்புறம் வைரம் பாய்ந்து நடுவில் சோறாக இருக்கும் தென்னந்தடியில், எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் கைதான் அறிந்திருந்தது. மோட்டார் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இழுக்கிறது. மழுங்கிய ரம்பத்தையும் இழுத்துப் பலகையைக் கெடுத்த பிறகே எனக்குத் தெரியவருகிறது.

நண்பருக்கு நான் எழுதிய பதில், வேண்டாம் என்பதே. தூக்குக் கைகளை இவ்வளவு மெச்சிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டார், பொருந்தவில்லைதான். ஆயினும் கையில் ஆயில் வாடை இன்னும் போகாத இந்த வாரத்தில், வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இழுவை மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழைய கைச்சக்கரத்தை மாட்டப் போகிறேன். தூக்குக் கைகளை மட்டும் தொட மாட்டேன். திங்கட்கிழமைக்கு இரண்டு புளியந்தடிகள் வருகின்றன.