பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை: ஒரு குரோம்பேட்டைக்காரனின் மதிப்பீடு

குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வந்த குரோம்பேட்டையில்தான் நான் வளர்ந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளி லீவு என்றால் அப்பாவின் சைக்கிள் கேரியரில் ஏறிப் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவேன். பிளாஸ்டிக் பையில் தங்கமீன் வாங்கி, வீடு வரும்வரை தண்ணீர் சிந்தாமல் மடியில் வைத்திருப்பதே என் வேலை. மீன் அதிகபட்சம் ஒரு வாரம் இருக்கும்.

போன மாதம் மறுபடி போனேன். பழைய டிரங்க் ரோட்டில் தார்ப்பாய் விரித்து அதே குவியல்: கம்ப்யூட்டர் கீபோர்டு, மூடியில்லாத மிக்ஸி ஜார், பித்தளைக் குத்துவிளக்கு, ஒற்றைக் கால் ஷூ (இன்னொன்றை யார் வைத்திருக்கிறார்களோ!). செடிகள் இன்னும் மலிவுதான். செம்பருத்தி நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது, இப்போது மொட்டு விட்டிருக்கிறது.

எலக்ட்ரிக் சாமான் வாங்குவதென்றால் ஓடவிட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். "ஓடும் தம்பி, நான் கேரண்டி" என்றார் ஒருவர். நம்பி வாங்கிய டேபிள் ஃபேன் வீட்டில் இரண்டு சுற்று சுற்றிப் புகைந்தது. அடுத்த வெள்ளி போனால் அந்த இடத்தில் பழைய துணி விற்கிறார்கள்.

வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடமிருக்காது. மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கி நடந்துவிடலாம். பத்து மணிக்குள் போனால் வெயிலுக்குத் தப்பலாம். கேட்ட விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். அப்பா மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பிப்பார், எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஃபேனுக்காக அரை குறைத்திருக்கிறேன்.