சிறுநீரகக் கட்டி: உடனே கத்தியா, முதலில் ஊசியா?

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தால், ரிப்போர்ட்டில் பெரும்பாலும் 'புற்றுநோயாக இருக்கலாம்' என்றுதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. கட்டியோடு அந்தப் பகுதியை வெட்டி எடுப்பதா, பயாப்சி (ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதா என்ற கேள்வியில் நான் பயாப்சி பக்கம் போனேன். இன்றும் அந்தப் பக்கம்தான் பேசுவேன்.

அறுவையின் லாபம் தெரிந்ததுதான்: முழுக் கட்டியும் பரிசோதனைக்குப் போகும், சந்தேகம் தீரும். ஆனால் 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளை எடுத்துப் பார்த்தால் 100-க்கு ஏறத்தாழ 20 புற்றே இல்லை. அவர்களுக்கு மயக்க மருந்து, ரத்தக் கசிவு, சிறுநீர்க் கசிவு அபாயம் எல்லாம் வீண். அதைவிட, போன சிறுநீரகத் திசு திரும்ப வளராது. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். பயாப்சிக்குப் பிறகு அறுவை செய்துகொள்ளலாம்; அறுவைக்குப் பிறகு பயாப்சி போதும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்களும் இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

ஸ்கேனே சொல்லிவிடாதா? ஆஞ்சியோமையோலிப்போமா என்ற புற்றல்லாத கட்டியில் கொழுப்பு இருந்தால் சிடி ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்துவிடும். கொழுப்பு குறைந்த வகைதான் ஏமாற்றும். ஆன்கோசைட்டோமா என்ற இன்னொரு புற்றல்லாத கட்டி ஏமாற்றுவதில் இன்னும் மோசம். நடுவில் நட்சத்திரத் தழும்பு இருக்கும் என்பார்கள். எல்லாவற்றிலும் இருக்காது, குரோமோஃபோப் என்ற புற்றிலும் அதே தழும்பு வரும்.

சரி, பயாப்சிக்குக் குறையே இல்லையா? உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே உறை ஊசி வழியாக நூலிழை போலச் சதை எடுப்பார்கள். சில சமயம் போதுமானது கிடைக்காது, மறுபடி குத்த வேண்டும். ஊசித் தடத்தில் புற்று பரவுவது மிக அரிது. உண்மையான சிக்கல் வேறு: ஆன்கோசைட்டோமாவுக்கும் குரோமோஃபோபுக்கும் நுண்ணோக்கியில் ஒரே முகஜாடை. செல்லில் உள்ள ஒரு புரதத்தைக் காட்டும் சிகே7 சாயம் பின்னதில் பரவலாகப் பிடிக்கும், முன்னதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அப்படியும் 'ஆன்கோசைட்டோமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்' என்றுதான் எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதனால் ஸ்கேன் தொடர்கிறது. புற்றல்லாத கட்டியும் மெல்ல வளரும் என்பதால், கொஞ்சம் பெருத்தாலே பதற முடியாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் தூக்கம் கெடும். அது ஒத்துவராதவர்கள் அறுவைக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் அனுபவம் சின்ன, கெட்டியான கட்டியோடு சரி. பெரிய கட்டிக்கு இந்த வாதத்தை நீட்ட மாட்டேன். நீர் கோத்த கட்டியில் ஊசிக்குச் சதை சரியாகச் சிக்காது என்பதால், அதற்கும்தான்.