கம்போங் அட்மிரல்ட்டி: மூத்தோர் குடியிருப்பு ஒன்றின் மதிப்புரை

சிங்கப்பூரின் வடக்கே, அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மூத்தோருக்காக எழுப்பிய கம்போங் அட்மிரல்ட்டிக்கு என் பெரியம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். உலகக் கட்டடக்கலை விழாவில் 2018ஆம் ஆண்டின் மிகச் சிறந்த கட்டடமாக இது தேர்வானது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; முழங்கால் வலியோடு இங்கே எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இந்த வளாகம் நல்ல விடை தருகிறது. ஏறத்தாழ 0.9 ஹெக்டர் நிலத்தில், தரைத்தளத்தில் மழையும் வெயிலும் படாத பொது முற்றம், இரண்டாம் தளத்தில் உணவங்காடி நிலையம், அதன் மேல் மருத்துவ நிலையம், இன்னும் மேலே மூத்தோர் நடவடிக்கை நிலையமும் பாலர் பராமரிப்பு நிலையமும் தோட்டமும் என எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருப்பதால், 104 வீடுகளில் வாழும் மூத்தோர் சாலையைக் கடக்காமலேயே காலைக் காப்பியையும் மருத்துவரையும் எட்டிவிடலாம். வீடுகள் 36 அல்லது 45 சதுர மீட்டர்தான் என்றாலும், கைப்பிடிகளும் நல்ல காற்றோட்டமும் உண்டு. தீபாவளிக்கு மகன் குடும்பமும் மகள் குடும்பமும் ஒன்றாக வந்தால் அமர இடம் போதாது என்பது பெரியம்மாவின் கணக்கு. அது சரியான கணக்கு என்றே எனக்கும் தோன்றியது.

என்னை மிகவும் கவர்ந்தவை வீட்டு வாசல்களில் அண்டை வீட்டார் சேர்ந்து அமர்வதற்காகப் போடப்பட்டிருக்கும் இருக்கைகள். ஊர்த் திண்ணையின் பயனை அறிந்த ஒருவர் வரைந்ததைப் போன்ற ஏற்பாடு அது. ஆனால், நாற்பது ஆண்டுகளாக ஈசூன் வட்டாரத்தில் ஒரே அடுக்குமாடிப் புளோக்கில் வாழ்ந்துவரும் பெரியம்மா, அந்த இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கே யாருக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டார். அந்தப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நடந்த திருமணங்களும் துக்கங்களும், சாவியை மறந்தால் கதவைத் தட்டக்கூடிய எதிர்வீடும் சேர்ந்ததே அவருடைய வீடு.

இந்த வீடுகள் 30 ஆண்டுக் குத்தகையில் கொடுக்கப்பட்டவை. வெளிச்சந்தையில் விற்க முடியாது. பெரிய வீட்டை விற்று இங்கே வருபவரின் கையில் முதுமைக்கான பணம் மிஞ்சும் என்பது மெய்தான். பிள்ளைகளுக்கு ஒரு வீட்டையாவது விட்டுச்செல்ல வேண்டும் என்று எண்ணும் நம் மூத்தோருக்கு அந்த நிபந்தனை எளிதில் மனம் ஒப்பாதது. அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று: பழைய புளோக்குகளை அரசு எடுத்துக்கொண்டு மறுகுடியமர்த்தும்போது அண்டை வீட்டார் சேர்ந்தே புது வீடுகளைத் தேர்ந்தெடுக்க வழி செய்யப்பட்டிருக்கிறது, மூத்தோர் வீடுகளை ஒதுக்கும்போதும் அத்தகைய வழி வேண்டும்.

திரும்பும் வழியில் முற்றத்தில் ஓய்வெடுக்க அமர்ந்த பெரியம்மா, பக்கத்தில் இருந்த மலாய் மூதாட்டியிடம் தம் பழைய சந்தை மலாயில் பேச்சுக் கொடுத்து, அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவும் கூட வருவதாக இருந்தால் யோசிக்கலாம் என்று ரயிலில் சொன்னார்.