இலையுதிர் காலத்துக்கு ஐம்பதுகளின் கம்பளி உடைகள்: உடுத்திப் பார்த்த அனுபவம்

ஐம்பதுகளின் உடை என்றதும் பூப்போட்ட பருத்தியில் பாவாடை அகல விரிந்த கோடைக்கால உடைதான் எல்லோர் கண்முன்னும் வரும். புகைப்படத்துக்கு அது அழகுதான். ஆனால் பாஸ்டன் பக்கம் குடியிருப்பவருக்கு அதை உடுத்த ஆண்டில் இரண்டு மாதம் கிடைத்தால் அதிகம். நான் சேர்ப்பது நாற்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அறுபதுகளின் தொடக்கம்வரை அமெரிக்காவில் தைக்கப்பட்ட இலையுதிர் கால உடைகளை. கம்பளி ஜெர்சி (பின்னல் துணி), கார்டுராய் (வரிவரியாக மேடிட்ட கனமான துணி), மெல்லிய ட்வீட் (சொரசொரப்பான கம்பளித் துணி), கிரேப் (நுண்சுருக்கம் கொண்ட துணி) என்று அலமாரியில் ஒரு வரிசை இருக்கிறது. சில ஆண்டுகளாக அலுவலகத்துக்கே இவற்றைத்தான் உடுத்திப் போகிறேன்.

அன்று இவை குளிர்காலத்துக்கும் சேர்த்தே தைக்கப்பட்டவை. இன்று அது சரிவராது. ஜனவரியில் வெளியே பனி கொட்டும், உள்ளேயோ ஹீட்டர் போட்டுச் சட்டையோடு உட்காரும் அளவுக்குச் சூடாக இருக்கும். முழுக்கைக் கம்பளி உடையில் மேலே வியர்க்கும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது கால் விறைக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் விடுமுறைவரைதான் இவற்றுக்கு உகந்த காலம். காலையில் பத்து டிகிரி, மதியம் பதினெட்டு என்று இருக்கும் நாளில், கோட்டும் ஸ்வெட்டரும் இல்லாமல் ஒரே உடையில் நாளைக் கழித்துவிடலாம். உள்ளே ஒரு சிம்மீஸ் கட்டாயம். பெரும்பாலானவற்றில் லைனிங் கிடையாது, கம்பளி தோலை உறுத்தும்.

வாங்கும்போது நான் முதலில் உடையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பேன். மாசசூசெட்ஸின் பிரிம்ஃபீல்டில் 1959 முதல் நடக்கும் பழம்பொருள் சந்தை ஆண்டுக்கு மூன்று முறை, மே, ஜூலை, செப்டம்பரில் கூடுகிறது. செப்டம்பர் சந்தையில் கம்பளி நிறைய வரும். அங்கே விற்பவர் சொல்லும் வருடத்தைவிட உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டு நம்பகமானது. பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சீட்டில் ஏஎஃப்எல்-சிஐஓ என்ற எழுத்துகள் இருந்தால் அது 1955க்குப் பிந்தையது, ஏனென்றால் ஏஎஃப்எல், சிஐஓ என்ற இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் அந்த ஆண்டில்தான் இணைந்தன. இழை விவரத்தை விழுக்காட்டோடு அச்சிடும் சட்டம் 1960இல் நடைமுறைக்கு வந்தது. எப்படித் துவைக்க வேண்டும் என்று நிரந்தரச் சீட்டில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1972க்குப் பிந்தையதாகத்தான் இருக்கும், ‘ஐம்பதுகளின் அசல்’ என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி. கம்பளிக்கு மட்டும் தனிச் சட்டம் முன்பே இருந்ததால், கம்பளி விழுக்காடு எழுதியிருப்பதை வைத்துக் காலத்தை முடிவுகட்ட முடியாது.

ஜிப்பும் பேசும். இடது விலாப்பக்கம் உலோக ஜிப் இருந்தால் நாற்பதுகள் அல்லது ஐம்பதுகளின் முற்பகுதி என்று ஊகிக்கலாம். முதுகின் நடுவே நீளமான உலோக ஜிப் அதற்குப் பிறகு பரவலானது. நைலான் ஜிப் என்றால் பெரும்பாலும் அறுபதுகள், அல்லது யாரோ மாற்றித் தைத்திருக்கிறார்கள். உலோக ஜிப் மக்கர் செய்தால் இழுத்துப் போராட வேண்டாம். மூடிய பற்களின்மேல் பென்சில் முனையால் மேலும் கீழும் தேய்த்து, கரித்தூளை ஊதிவிட்டு, மெதுவாக இறக்கிப் பாருங்கள். துரு அரிக்காத ஜிப் என்றால் வழிக்கு வந்துவிடும்.

சீட்டில் போட்டிருக்கும் சைஸை நம்பவே வேண்டாம். அன்றைய 12 இன்றைய அமெரிக்க அளவில் ஏறக்குறைய 4 அல்லது 6. டேப்பை எடுத்துச் சென்று இடுப்பை அளந்துவிடுங்கள். வீட்டிலோ தையல்காரரிடமோ தைத்த உடையாக இருந்தால் அதிர்ஷ்டம்: நம் ஊரில் ஜாக்கெட்டுக்கு உள்ளே துணி விட்டுத் தைப்பதுபோல் விலாவில் தாராளமாக விட்டிருப்பார்கள், பிரித்துவிட்டால் சற்று இடம் கிடைக்கும். ஆயத்த உடைகளில் இந்தத் தாராளம் குறைவு.

துணிகளில் என் ஓட்டு கம்பளி ஜெர்சிக்கு. அதில் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெலை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். மேரிலாந்தின் ஃப்ரெடெரிக் நகரில் 1905இல் பிறந்தவர். இடுப்புத் தையலே இல்லாமல் தொளதொளவென்று விழுந்து, பெல்ட் கட்டியதும் உருவம் பெறும் உடையை 1938இலேயே கொண்டுவந்தார். 1947இல் வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் டியோர் பாரிஸில் உடைகளின் இடுப்பை இறுக்கிக்கொண்டிருந்தபோது, இவர் உழைக்கும் பெண்ணுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர்ச் சீட்டோடு வருபவை இன்று என் பட்ஜெட்டுக்கு எட்டாதவை. ஆனால் அவர் பாணியைப் பின்பற்றிய பெயர் தெரியாத உடைகள் ஒரு நல்ல புது உடையின் விலைக்குள் கிடைக்கின்றன. என்னிடம் உள்ள கரும்பழுப்பு ஜெர்சி ஒன்று, நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலும் கசங்குவதில்லை. ஜெர்சியை மட்டும் ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், தன் எடையிலேயே நீண்டுபோகும். மடித்துத்தான் வைக்க வேண்டும்.

கார்டுராய் இரண்டாம் இடம், உழைக்கும் துணி. ட்வீட் பரவாயில்லை. ஆர்லான் என்ற செயற்கை இழை கலந்தவை வேண்டாம், உரசும் இடமெல்லாம் நூல் உருண்டை கட்டும். ரேயான் கிரேப் விழும் அழகே தனி என்றாலும் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் சுருங்கிவிடும். மழை மேகம் கண்டால் நான் அதைத் தொடுவதில்லை.

அக்குளில் துணி வெளுத்தோ விறைத்தோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வியர்வை அரித்த துணியைக் காப்பாற்ற வழியில்லை. ஓரத்தையும் பொத்தானையும் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். அதே துணியில் தைத்த பெல்ட்டை நனைக்கக் கூடாது, பலவற்றில் உள்ளே இருப்பது வெறும் அட்டை. டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும் முன் பொத்தான்களை வெட்டி எடுத்துவிட வேண்டும். எங்கள் பகுதிக் கடையொன்றில் கொடுத்த உடையின் பிளாஸ்டிக் பொத்தான்கள் இளகித் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. கடைக்காரர் உடை பழையது என்று கைவிரித்துவிட்டார்.

பூச்சி விஷயத்தில் அலட்சியம் கூடாது. கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. அதுவும் வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான் தேடித் தின்னும். புதிதாக வாங்கிய எதையும் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்த பிறகே அலமாரிக்கு அனுப்புகிறேன். வீட்டில் உள்ளவர்கள் ஐஸ்கிரீமுக்கு இடமில்லை என்று புலம்புவார்கள், புலம்பட்டும்.

அடுத்து நான் தேடுவது பாட்டில் பச்சையில் ஒரு கார்டுராய் உடை: முன்பக்கம் முழுவதும் பொத்தான், இரண்டு பை, இடுப்பு 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெல்ட் தொலைந்திருந்தாலும் பாதகமில்லை.