சிலிக்கோன் ஹீல் கப்: நாள் முழுக்க நிற்பவனின் அபிப்பிராயம்

எனக்குத் துணி வெட்டுகிற வேலை. மேஜை இடுப்பு உயரம்; உட்கார்ந்து வெட்டினால் கத்தரி நேராகப் போகாது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியது போல ஒரு வலி. கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். சாயங்காலம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். டாக்டர் குதிகாலின் உள்பக்கமாக ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பிளான்டர் ஃபேசியைட்டிஸ்" என்றார். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வில் வரும் கோளாறு அது. அந்தச் சவ்வு தூங்கும்போது சுருங்கிக் கிடந்துவிட்டு, எழுந்ததும் உடல் எடை ஏறுவதால் வெடுக்கென்று இழுபடுகிறது. நிற்கிற வேலை, கூடுதல் எடை, இறுகிய கெண்டைக்கால், மெல்லிய அடி கொண்ட செருப்பு எல்லாம் அதற்குத் தீனி.

சரி, ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கிற இந்த கப்புக்கு வருவோம். நடுவில் மெத்தென்று ஒரு நீல வட்டம், சுற்றிலும் கொஞ்சம் கெட்டியான விளிம்பு. ஷூவுக்குள் போட்டு நின்ற அன்றே வித்தியாசம் தெரிந்தது. மாலையில் எடையை மற்றக் காலுக்கு மாற்றி மாற்றி நிற்பது குறைந்தது. விளிம்பு குதிகாலின் சதையைப் பக்கவாட்டில் பரவவிடாமல் பிடித்து வைக்கிறது. இதுதான் இதன் நல்ல வேலை, அந்தச் சதைதானே நமக்கு இயற்கை கொடுத்த மெத்தை.

குறைகளும் உண்டு. நூல் பிசிறு, தூசி எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும். சோப்பு போட்டுக் கழுவி நிழலில் காய வைத்தால் சரியாகிவிடும், ஆனால் இதைத் தினமும் செய்யவேண்டும். குதிகால் கொஞ்சம் உயர்வதால் ஆழமில்லாத ஷூவிலிருந்து கால் நழுவுகிறது. திறந்த செருப்பில் நிற்கவே நிற்காது. ஒரு காலில் மட்டும் வலி என்றாலும் இரண்டிலும் போடுங்கள், இல்லையென்றால் உயரம் ஏறுக்குமாறாகும்.

பெட்டியில் எலும்பு முள் (குதிகால் எலும்பில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வளர்ச்சி) படம் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் முள் தெரிகிற பலருக்கு வலியே இருப்பதில்லை. வலி இருக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் அந்த முள் காரணம் இல்லை. அந்தப் படத்தை நம்பி வாங்க வேண்டாம்.

காலையில் வரும் வலிக்கு இந்த கப் ஒன்றும் செய்யவில்லை. தூங்கும்போது அது காலில் இருக்கப்போவதில்லையே! அதைக் குறைத்தது பயிற்சிதான். கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கணுக்கால் பக்கம் வளைத்து, உள்ளங்காலில் சவ்வு விறைப்பது கைக்குத் தட்டுப்படும்வரை இழுத்து 10 எண்ணவேண்டும். இப்படிப் 10 தடவை, முதல் அடி வைப்பதற்கு முன். அப்புறம் சுவரில் கை ஊன்றி, பின்கால் முட்டி மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை இழுக்கவேண்டும். பலன் மெதுவாகத்தான் வரும், மாதக்கணக்கு ஆகும். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடுகிறது. ஸ்டீராய்டு ஊசியை டாக்டர் கடைசிக்குத் தள்ளி வைத்தார். வலி சீக்கிரம் அடங்கினாலும் சவ்வு கிழியவும் குதிகால் சதை மெலியவும் வாய்ப்புண்டாம்.

எல்லாக் குதிகால் வலிக்கும் இதை வாங்கிவிடாதீர்கள். திடீரென ஓட்டத்தைக் கூட்டியபின் எலும்பை இருபக்கமும் அமுக்கினால் வலிக்கிறதா, விரிசலாக இருக்கலாம். எரிச்சல், மரத்துப்போதல் என்றால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை நோயில் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரிடம் காட்டாமல் ஷூவுக்குள் எதையும் திணிக்கக் கூடாது.

என்னுடையதில் விளிம்பு ஒரு பக்கம் கிழிய ஆரம்பித்துவிட்டது. அடுத்ததும் இதையேதான் வாங்குவேன், ஒரு சைஸ் பெரிதாக.