ஜிபேயா, கவரா, கணக்கு நோட்டா: வீட்டுச் செலவுக்கு எது கைகொடுக்கிறது?

தை பிறந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் பணம் அனுப்பிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரே வாரத்தில் 41 முறை பணம் போயிருந்தது. 10, 24, 60, 140 என்று எல்லாம் சின்னத் தொகைகள்தான். பாதிக்கு மேல் எதற்கென்றே தெரியவில்லை. டீக்கடையின் கியூ.ஆர். அட்டை கடைக்காரருடைய மகன் பெயரில் இருக்கும், பூக்காரம்மாவுடையது மருமகள் பெயரில் இருக்கும். பட்டியலில் யாரோ ஒருவர் பெயரும் பக்கத்தில் 35 ரூபாயும் மட்டும் நிற்கும். வாங்கியது டீயா, பூவா, கொத்தமல்லியா என்று அது சொல்லாது. தொகையைவிட என்னை உறுத்தியது வேறு. வாங்குவதா வேண்டாமா என்று ஒரு தடவையாவது யோசித்த நினைவு இல்லை.

அதன் பிறகு ஆறு மாதம், இரண்டிரண்டு மாதமாக, ஜிபே, ரொக்கத்தைச் செலவுவாரியாகப் பிரித்து வைக்கும் கவர், கணக்கு நோட்டு என்ற மூன்று வழிகளையும் வீட்டில் வைத்துப் பார்த்தோம். நான்கு பேர், ஒரு சம்பளம், வாடகை வீடு. எது ஒத்துவந்தது, எது ஏன் ஒத்துவரவில்லை என்பதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதம் ஜிபேயிலேயே கட்டுப்பாட்டோடு இருந்து பார்த்தோம். ஜிபே மாதிரி ஆப்களில் பணம் போகிற வழியான, 2016-ல் வந்த யு.பி.ஐ.யைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மருந்துக் காசு அனுப்ப முடிகிறது. கரண்ட் பில்லுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தொகை முன்கூட்டியே தெரிந்த செலவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நின்ற இடத்தில் முளைக்கிற செலவில்தான் சிக்கல்.

2001-ல் டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். விற்றுத் தீர்ந்துபோன கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். கடன் அட்டையும் யு.பி.ஐ.யும் ஒன்றல்ல; யு.பி.ஐ.யில் பணம் அப்போதே நம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஆனால் கையை விட்டுத் தாள் போவதைக் கண் பார்ப்பதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

யு.பி.ஐ.யில் மிச்சம் இருக்கிற ஒரே தயக்கம், பின் நம்பர் அடிக்கிற அந்தச் சில நொடிகள். 2022-ல் வந்த யு.பி.ஐ. லைட் அதையும் எடுத்துவிட்டது. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகிறது. 5,000 ரூபாய் வரை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். பாஸ்புக்கிலும் லைட்டில் பணம் ஏற்றிய ஒரு வரிதான் இருக்கும், அதிலிருந்து போன முப்பது செலவும் இருக்காது. நிதானத்தைத் தேடுகிறவர் முதலில் அணைக்க வேண்டியது இதைத்தான். நாங்கள் அணைத்தோம். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே பட்டியலையும் திறந்து, வீட்டில் யாரும் பார்க்காத ஓ.டி.டி. சந்தா இரண்டை நிறுத்தினோம். இவ்வளவு செய்தும் வாரத்துக்கு 41 முறை என்பது 33-க்குக் கீழே இறங்கவில்லை.

பங்குனியில் கவருக்கு மாறினோம். அம்மா அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் பிரித்துப் பிரித்து வைத்திருந்ததைத்தான் நாங்கள் மளிகை, காய்கறி, பெட்ரோல், வெளித்தீனி என்று நான்கு கவர்களில் வைத்தோம். பலன் உடனே தெரிந்தது. வெளித்தீனிக் கவரில் கடைசி 200 ரூபாய்த் தாள் தனியாகக் கிடப்பதைப் பார்த்த மகள், "பானிபூரி அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா" என்றாள். அது வரைக்கும் நான் சொல்லி அவள் கேட்டதில்லை. மாதம் 3,400 ஆகிக்கொண்டிருந்த வெளித்தீனி 2,100-க்கு வந்தது.

ஆனால் சில்லறைக்கு அலைய வேண்டும். ஏ.டி.எம்.களில் 100, 200 ரூபாய்த் தாள்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்குச் சொன்னது. எங்கள் தெருமுனை மெஷினில் பெரும்பாலும் 500தான் வருகிறது. 38 ரூபாய்க் காய்க்கு அதை நீட்டினால் காலை நேரத்தில் எந்த வியாபாரிக்கும் கஷ்டம். சொந்த வங்கி மெஷினில் மாதம் ஐந்து முறைதான் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று 2025 மே மாதத்திலிருந்து விதி. வாரம் ஒருமுறை எடுத்தால் அதற்குள் அடங்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. மளிகைக் கவர் தீர்ந்ததும் பெட்ரோல் கவரில் கை வைத்தோம். சித்திரை முடிவதற்குள் நான்கும் ஒன்றாகிவிட்டன. எங்கே கணக்குத் தப்பியது என்று பார்க்க ஒரு எழுத்தும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடுகு டப்பாப் பணம் எத்தனையோ பெண்களுக்கு யாரையும் கேட்காமல் எடுக்க இருந்த ஒரே பணம். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது பல வீடுகளில் அது கணவர் முன்னால் வெளியே வந்தது. இன்று யு.பி.ஐ. கணவருடைய போனில் மட்டும் இருந்தால், 10 ரூபாய்ப் பூவுக்கும் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அந்தக் கணக்கு யாருடைய போனில் திறக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். எந்த முறைக்குப் போனாலும், சம்பளம் வாங்காதவர் கையில் யாரும் கேள்வி கேட்காத ஒரு தொகை இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அது முதல் தேதியே என் மனைவி கைக்குப் போய்விடும். அதற்குக் கணக்கு எழுதுவதில்லை.

வைகாசியில் நோட்டு போட்டோம். நாலு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம் இருவரும் உட்கார்ந்து எழுதுவோம். தினமும் எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பார்க்கட்டும். இருபது வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் 51 வைத்தவர் யார், 101 வைத்தவர் யார் என்று ஊர்ப் பெயரோடு அதில் இருக்கும். கணக்கு எழுதும் பழக்கம் நம்மிடம் அழியவில்லை. நம் சொந்தச் செலவுக்கு அதைப் பயன்படுத்தாமல் விட்டோம், அவ்வளவுதான்.

ஜப்பானில் இதைக் காக்கேய்போ என்கிறார்கள். வீட்டுக் கணக்கு ஏடு என்றுதான் அதற்கும் பொருள். ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-ல் அப்படியொரு ஏட்டை அச்சிட்டு வெளியிட்டார். இப்போது அந்த வழியில் எழுதுகிறவர்கள் தேவை, ஆசை, பண்பாடு, எதிர்பாராதது என்று செலவை நான்காகப் பிரிக்கிறார்கள். நம் வீடுகளுக்கு அது போதாது. மொய், சீர், துக்க வீட்டுக்குப் போகிற பஸ் செலவு எல்லாம் எந்தப் பத்தியில் சேரும்? 'உறவு' என்று ஐந்தாவதாக ஒன்று போட்டோம். வைகாசி முகூர்த்தங்களில் அந்தப் பத்தி மளிகையைத் தாண்டியது. வெளித்தீனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அது வரை இது கண்ணில் படவே இல்லை.

கையால் எழுதும்போது ஒவ்வொரு செலவும் இன்னொரு தடவை முன்னால் வந்து நிற்கிறது. 'டீ, 15' என்று எழுதும்போது, அது தலைவலிக்குக் குடித்ததா, ஆபீஸ் நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்து போகக் குடித்ததா என்று கை தயங்கும். ஆனியில் மூன்றாவது டீ தானாக நின்றது. நோட்டிலும் குறை உண்டு. செலவான பிறகுதான் அது பேசும். இரண்டு நாள் விட்டுவிட்டால் தூக்கிப்போட்டுவிடத் தோன்றும். நினைவுக்கு வராத தொகையை 'மறதி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நாங்கள் அடுத்த நாளுக்குப் போய்விடுவோம்.

எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்துத் தானாகக் கணக்குப் போடும் ஆப்களை நான் சேர்க்கவில்லை. வங்கியிலிருந்து வரும் செய்திகளையெல்லாம் படிக்க அனுமதி கேட்கின்றன. அதோடு, உட்கார்ந்து எழுதும் வேலையையே நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. எங்களுக்குப் பலன் தெரிந்தது அந்த வேலையில்தான்.

இப்போது வாடகை, கரண்ட், ஸ்கூல் ஃபீஸ் யு.பி.ஐ.யில் போகின்றன. வெளித்தீனி மட்டும் கவரில். ராத்திரி எல்லாம் நோட்டுக்கு வந்துவிடும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் நோட்டை வைத்துக்கொள்வேன். அதன் கடைசிப் பக்கத்தில், வாங்க ஆசைப்படுகிற பொருள்களைத் தேதி போட்டு எழுதி மூன்று வாரம் காத்திருக்கிறோம். ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஊரெங்கும் தொங்குகிறது. ஆனியில் எழுதிய ஒன்பது பொருள்களில் ஏழு பொருள்களை அடித்தாகிவிட்டது. குக்கருக்கு ஒரு காஸ்கெட், மகளுக்கு ஸ்கூல் ஷூ, இரண்டும் நிற்கின்றன. ஆவணிக்கு வந்திருக்கிற மூன்று பத்திரிகைகளுக்கான மொய்ப் பணத்தை இந்த மாதமே எடுத்து வைத்துவிட்டோம்.